கல்யாணம் ஆகாதவள் என்பதற்கு ஒரு சான்று

நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கப் போன அன்று வரிசையில் எனக்கு முன்னால் பங்கஜவல்லி நின்றாள். காரைக்கால் தலத்தெருப் பெண், என்னோடு பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், 'இப்பணியைத் தேர்ந்தெடுக்கும் காரணம்' என்று போட்டு நான்கு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"சேவைன்னு எழுதிடுடி. எல்லாரும் அதான் எழுதுறாளுவ."

"ஒனக்கு நெசமா என்ன காரணம்?"

"எனக்கா? எங்க அண்ணி. ஹாஸ்டல்ல எடம் தர்றாங்கள்ல, அது போதும். நோயாளி வாந்தியக்கூட அள்ளிடுவேன், அண்ணி வாய்க்கு அது எவ்வளவோ தேவல."

சிரித்தோம். நானும் சேவை என்றே எழுதினேன். பொய்.

என் காரணம் கோவிந்தராசு மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஒன்றரை வருடத்துக்கு முன்பு வைக்கோல் வண்டியின் பாரத்து மேலிருந்து விழுந்து கழுத்து போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நெரவியில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அவர் கட்டில். கால் இரண்டும் இல்லாத மாதிரி. கையில் கொஞ்சம் அசைவு உண்டு, பிடிமானம் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். அந்த வேலை என்னுடையது. துடைப்பது, கழுவுவது, சோறு ஊட்டுவது எல்லாம் என்னுடையது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஆஸ்பத்திரியில் இருந்த கமருன்னிசா சிஸ்டர். நான் அவரிடம் பார்த்தது வேறு ஒன்று. இரண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு வெளியே போவார். திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கும் எனக்கும் ஒரே வேலைதான். அவருக்கு அது தினமும் முடிந்தது. எனக்கும் அப்படி முடிகிற வேலை வேண்டும். இதை எந்த வரியில் எழுதுவது?

அம்மாவுக்கு வேறு திட்டம். ஆவணியில் மாமாவுக்கும் எனக்கும் கல்யாணம்.

"நர்ஸ் வேலைதானே பாக்கணுங்கற? வூட்டுலயே பாரேன்டி. ஊரான் பீய அள்ளப் போறாளாம், சொந்த மாமன வுட்டுட்டு."

"அவரால தாலியத் தூக்கவே முடியாதும்மா."

"நான் கையப் புடிச்சுக் கட்ட வைக்கிறேன். ஒனக்கு என்ன வந்துச்சு?"

 

பயிற்சியில் சேர, கல்யாணம் ஆகாதவள் என்று சான்றிதழ் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் காலை கிராம அதிகாரி தெட்சிணாமூர்த்தியிடம் போனேன். பேரேட்டைப் புரட்டியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, கோவிந்தராசு கார்டுல ஒன்ன மனைவின்னுல்ல போட்டிருக்கு?"

உண்மைதான். மாமா தனி ரேஷன் கார்டு எடுத்தபோது எனக்குப் பதினாறு வயது. ஒற்றை ஆளுக்குச் சர்க்கரை குறைவு. எப்படியும் கட்டிக்கப் போகிறவள்தானே என்று அம்மாதான் என் பேரை எங்கள் கார்டிலிருந்து எடுத்து அவர் கார்டில் மனைவி என்று எழுத வைத்தாள். எங்கள் தெருவில் இப்படி எழுதப்பட்ட முறைப்பெண்கள் இன்னும் மூன்று பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் பிறகு கல்யாணம் ஆகிவிட்டது. தவறு தானாகச் சரியாகிவிட்டது.

"சர்க்கரைக்காக எழுதுனதுங்க."

"இருக்கட்டும்மா, நான் எத வச்சு எழுதுறது? கோவிந்தராசு எழுதிக் குடுக்கட்டும். கையெழுத்து முடியாதுன்னா கட்டவெரல் ரேகை போதும். இந்தா, மைப்பெட்டிய எடுத்துட்டுப் போ. ஒரு மணிக்கு நான் கெளம்பிருவேன்."

அம்மாவும் அப்பாவும் நடவுக்குப் போயிருந்தார்கள். மாமா விழித்துக்கொண்டுதான் கிடந்தார். நான் எழுதி வைத்த தாளை அவருக்குப் படித்துக் காட்டினேன். அஞ்சுகம் என் அக்காள் மகள், என் மனைவி அல்ல, சர்க்கரைக்காகத் தவறாக எழுதப்பட்டது.

"சக்கரையெல்லாம் எதுக்கு எழுதுன? மானம் போவுது."

"மெய்தானே மாமா."

"மெய்தான். ஆனா நான் வைக்க மாட்டேன் புள்ள."

"ஏன்?"

"நீ போயிட்டா நான் செத்துருவேன். கோவத்துல சொல்லல. அக்காவுக்கு இடுப்பு புடிச்சுக்கும், என்னத் தூக்க முடியாது. புண்ணு வரும், புழு வைக்கும். ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்காரனப் பாத்தேன்ல."

"ஒங்களக் கட்டிக்கிட்டா நான் செத்துருவேன்."

"நீ சாவ மாட்ட. ஒனக்குக் கை காலு நல்லாருக்கு."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"டிகிரி படிச்சவ. இங்கேருந்தே பஸ்ல போயிட்டு வர்ற மாதிரி ஒரு வேல பாரேன்," என்றார்.

"வேலவாய்ப்பு ஆபீசுல பதிஞ்சு வச்சு ரெண்டு வருசம் ஆச்சு மாமா, ஒரு கடுதாசி வரல. இது ஒண்ணுலதான் சேர்ற அன்னிக்கே எடமும் சோறும் குடுத்து உள்ள வச்சுக்குவாங்க. கல்யாணம் ஆனவளச் சேக்க மாட்டாங்க. எனக்கு அதான் வேணும்."

"நோயாளி மேல எரக்கம் இருக்கறவதான் அந்த வேலைக்குப் போவணும்."

"இருந்துச்சு. ஒங்களுக்கே செலவாயிடுச்சு."

சொன்ன பிறகு எடுக்க முடியவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

மைப்பெட்டியைத் திறந்து அவர் வலது கையை எடுத்தேன். மணிக்கட்டை மேலே தூக்கிக் கட்டைவிரலோடு விரல்களை மடக்கிக்கொண்டார். உடம்பில் மிச்சமிருந்த பலம் முழுவதும் அந்த மணிக்கட்டில் வந்து நின்றது. நான் பலவந்தம் செய்யவில்லை, செய்யத் தேவையும் இல்லை. இந்த மாதிரிக் கையில் மணிக்கட்டைக் கீழே மடக்கினால் விரல்கள் தாமாகத் திறந்துவிடும். மடக்கினேன். திறந்தன. கட்டைவிரலை மையில் ஒற்றி, தாளில் உருட்டி அழுத்தினேன்.

"நான் வேணாம்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க."

மணி பத்து. அவரை இடது பக்கமாகப் புரட்டி, முதுகுக்கு அண்டையில் தலையணை கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவில் துணியை மடித்து வைத்தேன். பவுடர் போட்டேன். எந்த ஆஸ்பத்திரியிலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டார்கள்.

"அடுத்தது எப்ப?"

"பன்னெண்டுக்கு."

"யாரு?"

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

கிராம அதிகாரி வெளியே போயிருந்தார். வாசலில் நின்றே காத்திருந்தேன். வந்ததும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரேகை நல்லாத் தெளிவா விழுந்திருக்கு. மனசோட வச்சாராம்மா?"

"மனசோடத்தாங்க."

சான்றிதழை எழுதி முத்திரை குத்தினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். தாலுகா ஆபீஸில் மேல் கையெழுத்து பாக்கி, அது காரைக்காலில். வெளியே வந்தபோது காரைக்கால் பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. வீடு எதிர்ப்பக்கம், ஐந்து நிமிட நடை.

கையை நீட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினேன்.