மாஸ்டர் இன்னும் கேட்கவில்லை

1

இது என் தலையில் கட்டப்பட்ட கதை. கட்டியவர் ஓர் ஆலோசகர். எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் அவர் ஒரு பயிற்சி நடத்துகிறார். அக்கம்பக்கத்தில் யாராவது உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பில் இருந்தால் அதைக் கண்டுகொள்வது எப்படி, அவர்களிடம் கேட்பது எப்படி, உதவிக்குக் கூட்டிப்போவது எப்படி என்று சாதாரண ஆட்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சி.

"ஆரம்பத்துல வாசிச்சுக் காட்ட ஒரு கதை வேணும் சார். சிரிக்கற மாதிரி இருக்கட்டும். இல்லேன்னா டீ குடிக்கப் போற சாக்குல பாதிப் பேர் நழுவிடறாங்க" என்றார்.

எனக்கு முடியாது என்று சொல்ல வராது. சரி என்றதும் நிபந்தனைகளை எடுத்துவிட்டார். எப்படிச் சாவது என்ற பேச்சே கதையில் வரக்கூடாது. இதனால்தான் இப்படி என்று ஒரே ஒரு காரணத்தைக் காட்டிக் கணக்கு முடிக்கக்கூடாது.

"அப்புறம், எங்கயாவது ஒரு எடத்துல ஒரு ஆள் இன்னொரு ஆள்கிட்ட அந்தக் கேள்வியை நேரா கேக்கணும். சுத்தி வளைக்கக் கூடாது."

"ஒரு வரிதானே மேடம்" என்றேன்.

அந்த ஒரு வரிக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

2

முதல் தொடக்கம்: "இருள் கவிந்த அந்த அறையில் அவன் மட்டும் தனியே..."

(நிறுத்திவிட்டேன். ஆலோசகர் படித்துவிட்டு, "அவங்கள்ல நிறையப் பேர் நல்ல வெளிச்சத்துல, ஆபீஸ்ல உக்காந்து, நம்ம ஜோக்குக்குச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க சார்" என்றார்.)

இரண்டாம் தொடக்கம்: "வாழ்க்கை என்பது ஒரு நெடுஞ்சாலை..."

(இதை எழுதிய கையைச் சற்று நேரம் வெறித்துப் பார்த்தேன். ஆனாலும் இந்த வரிதான் என்னை ஒரு டிரைவிங் ஸ்கூல் வாசலில் இறக்கிவிட்டது. அதனால் மன்னித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம், இது நிற்கும்: எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் தன் காலடியில் ஒரு பிரேக் இருப்பதாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு நினைப்பு.

கற்றுக்கொடுக்கிற காரில் உண்மையாகவே இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் பக்கத்து சீட்டில் இருந்தபடியே மாஸ்டர் மிதித்து நிறுத்த ஒரு பிரேக். அதை மிதித்து மிதித்துக் கால் கெட்டுப்போய்விட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். டி.வி.யில் கார் பறந்தால் வீட்டுத் தரையை மிதிப்பார். வாயும் அப்படித்தான். "கிளட்ச், கிளட்ச், கண்ணாடியப் பாரு, யாரைக் கேட்டுத் திரும்பற?" என்று நாள் முழுக்க ஓடும். தூக்கத்தில்கூட அவர் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பதாக அவர் மனைவி சொல்கிறாள்.

3

மாஸ்டர் பயிற்சிக்கு வந்ததே தவறுதலாக. கூடத்தின் வாசலில் 'உயிர் காப்போம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு என்று நினைத்து, கையில் சிவப்பு முக்கோணப் பலகையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் புரிந்தபோது ஆலோசகர் கதவருகே நின்றிருந்தார். எழுந்து போக வெட்கமாக இருந்ததால் இருந்துவிட்டார்.

"கேட்டா அந்த எண்ணத்தை நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க" என்றார் ஆலோசகர். "அப்படி ஆகாது. யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருக்கறவங்கதான் அதிகம். நேரா கேளுங்க. கேட்டதும் வாயை மூடுங்க. மூடிட்டுப் பக்கத்துலயே இருங்க. அப்புறம் தனியா விடாம உதவிக்குக் கூட்டிட்டு வாங்க."

சரி, கேட்டுப் பழகுங்கள் என்றதும் முன்வரிசை பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ஒருவர் துணிந்து எழுந்தார். எதிரில் இருந்தவரைப் பார்த்து, "உங்களுக்கு வந்து... இந்த... லிஃப்ட்டெல்லாம் ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து மாஸ்டர். மனம் உடைந்தவராகச் செயலாளர் நடித்தார். மனிதருக்குள் இப்படி ஒரு நடிகர் ஒளிந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு, "என்னால முடியல மாஸ்டர்" என்று குலுங்கினார். மாஸ்டரின் கால் தரையை ஓங்கி மிதித்தது.

"சார், பதறாதீங்க. நிமிர்ந்து உக்காருங்க. கண்ணாடியப் பாருங்க. பின்னாடி யாரும் வரலேல்ல? அப்படியே மெதுவா ஓரங்கட்டுங்க."

"மாஸ்டர், அவர் கார் ஓட்டல" என்றார் ஆலோசகர்.

"கேள்விக்குத்தான் மேடம் வந்துட்டிருக்கேன். ஏன் சார், தப்பான ரூட்ல போற மாதிரி ஏதாச்சும் எண்ணம் இருக்கா?"

"தப்புன்னு நீங்களே சொல்லிட்டா, அவர் எப்படி ஆமான்னு சொல்வார்?"

மாஸ்டர் யோசித்தார். "நியாயம்தான்" என்று உட்கார்ந்துவிட்டார். பயிற்சி முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். மாஸ்டருக்கும் கொடுத்தார்கள். கேள்வியை மட்டும் அவர் கடைசிவரை கேட்கவில்லை.

4

இப்போது மச்சானைக் கொண்டுவர வேண்டும். மாஸ்டருடைய மனைவியின் தம்பி. இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகமே.

[அடித்தது: "தாடியும் கலங்கிய கண்களுமாக அவன் ஜன்னலோரம்..."]

"தாடி வேண்டாம் சார்" என்றார் ஆலோசகர். எடுத்துவிட்டேன். முகம் மழமழவென்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற, அடுத்தவர் காதில் பிரேம் அழுந்தாமல் வளைத்துக் கொடுக்கிற மச்சான். பயந்த சுபாவம். மாமாவிடம் கார் பழக வந்து மாதக்கணக்காகிறது. ஹாரன் அடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "சாரிங்க" என்பான். ஒரு தடவை முன்னால் நின்ற லாரி நகரட்டும் என்று இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தான். லாரிக்குள் டிரைவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீ லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன்டா" என்பார் மாஸ்டர். மச்சான் சிரிப்பான்.

கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பு குறைந்திருந்தது. சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வீட்டில் எல்லோரும் அதற்குக் களைப்பு என்று பெயர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.*

* ஏன் அப்படி ஆனான் என்று கேட்பீர்கள். ஒரே காரணம் எழுதக்கூடாது என்று நிபந்தனை. நிபந்தனை இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியாது. மச்சானுக்கே முழுசாகத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

5

ஒரு நாள் மச்சான் அற்புதமாக ஓட்டினான்.

கடைத்தெரு நாற்சந்தியை ஒரு குலுக்கல் இல்லாமல் கடந்தான். பஸ் ஒன்று குறுக்கே பாய்ந்தது. அலட்டாமல் வழி விட்டான். ஹாரனும் இல்லை, சாரியும் இல்லை. மாஸ்டரின் கால் செய்ய வேலையின்றி மரத்துப்போயிற்று. வண்டியை நிறுத்திவிட்டு மச்சான் சாவியை அவர் கையில் வைத்தான்.

"மீதி கிளாஸை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க மாமா. இனிமே என்னால உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

மாஸ்டர் பூரித்துப்போனார். பயம் தெளிந்தால் பாஸ் என்பதுதான் அவர் தொழிலில் கண்ட உண்மை. பழகுகிறவனின் பயம் போனால் வாத்தியாருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஸ்கூல் முழுக்கத் தம்பட்டம் அடித்தார். சாயங்காலம் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"உன் தம்பிக்குப் பயம் விட்டுப்போச்சுடி!"

"ஆமாங்க, மனசு தெளிஞ்ச மாதிரிதான் இருக்கான். இப்பத்தான் வந்துட்டுப் போனான். அவன் ரேடியோவைக் கொண்டுவந்து குடுத்து, 'நீயே வெச்சுக்கோக்கா'ன்னான்."

அந்த ரேடியோவை மச்சான் குளிக்கப் போகும்போதுகூட விடமாட்டான். மாஸ்டரின் வாயில் கேக் இருந்தது. பயிற்சியில் ஆலோசகர் சொன்னது அப்போதுதான் உறைத்தது: ரொம்ப நாளா தவிச்சவங்க திடீர்னு அமைதியானா, ஆசையா வெச்சிருந்ததை எடுத்துக் குடுத்தா, தொந்தரவு இருக்காதுன்னு சொன்னா, சும்மா இருக்காதீங்க.

மேஜைக்கடியில் அவர் கால் தரையை மிதித்தது. தட்டு குதித்தது.

"இப்ப எதுக்குத் தரையை மிதிக்கிறீங்க?"

சொன்னார். மனைவியின் முகம் மாறியது. ஆனால் அழுதுகொண்டு நிற்கவில்லை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "ஏன்டா, இந்த ரேடியோவுல எந்தக் குமிழைத் திருகினா பாட்டு வரும்? போனை வைக்காத. இதுவா? இது இல்லையா? கரகரங்குதுடா, இரு, இரு..." என்று, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தி நிறுத்தி அவனைப் போனிலேயே பிடித்து வைத்தாள். மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வழியில் ஆலோசகரைக் கூப்பிட நினைத்தார். வண்டி ஓட்டும்போது போன் பேசினால் அவர் மாஸ்டரா? ஓரங்கட்டி, இண்டிகேட்டர் போட்டு, பிறகுதான் பேசினார்.

"நேரா அவர்கிட்டப் போங்க" என்றார் ஆலோசகர்.

"நேராப் போனா ஒன்வே மேடம்."

"சுத்தியே போங்க மாஸ்டர்! கேள்வியை மட்டும் நேரா கேளுங்க. அப்புறம் ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. நான் கூடத்தைத் திறந்துதான் வெச்சிருப்பேன்."

6

மச்சான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "ஒரு ரவுண்டு போலாம் வா மச்சான்" என்று அவனை ஓட்டச் சொல்லிவிட்டு மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். டயர் கடை தாண்டியதும், "ஓரமா நிறுத்து" என்றார். மச்சான் இண்டிகேட்டர் போட்டு நிறுத்தினான்.* இப்போது கேட்க வேண்டும்.

"மச்சான், இந்த டயர் கடைக்காரன் இருக்கானே..."

(இல்லை.)

"மச்சான், ரேடியோ நல்லாப் பாடுது. ஆனா ஒண்ணு..."

(இல்லை.)

"மச்சான், மனுஷனா பொறந்தா..."

(இல்லவே இல்லை.)

* இண்டிகேட்டர் டிக் டிக் என்று ஏன் சத்தம் போடுகிறது என்பது பற்றி இங்கே எழுதலாம் என்று இருந்தேன். சுவாரஸ்யமான விஷயம். முன்பெல்லாம் உள்ளே ஒரு சின்ன...

இந்த இடத்தில் ஆலோசகர் எனக்குப் போன் செய்தார். "சார், மூணு வாரமா மாஸ்டர் அதே டயர் கடைகிட்ட நிக்கறார். கேக்க பயம் மாஸ்டருக்கா, உங்களுக்கா?"

எனக்குத்தான். இத்தனை அடைப்புக்குறியும் நட்சத்திரமும் எதற்கு என்று நினைத்தீர்கள்? தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். நான் அந்த வரியை எழுதி, அவன் "ஆமா" என்று சொல்லிவிட்டால்? எனக்கு மச்சானைப் பிடித்துவிட்டது. ஹாரனுக்கு மன்னிப்புக் கேட்கிற ஒருவன் இந்த ஊரில் இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதனால்தான் பயமாக இருக்கிறது. மாஸ்டருக்கும் இதே பயம்தான்.

"பயத்தோடவே கேக்கலாம் சார்" என்றார் ஆலோசகர். "பயம் போனப்புறம் கேக்கணும்னு சட்டமில்ல."

7

மாஸ்டர் கேட்டார்.

"மச்சான், செத்துடலாம்னு தோணுதாடா?"

குரல் கீச்சென்று வந்தது. கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். பேசிவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். காலைத் தூக்கி பிரேக்கிலிருந்து விலக்கி வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காருக்குள் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். டிக் டிக் என்று இண்டிகேட்டர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

மச்சான் என்ன சொல்வான்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், "ஆமா மாமா" என்கிறான். மாஸ்டர் அவன் பக்கம் திரும்பி உட்காருகிறார். "சொல்லு, நான் இங்கதான் இருக்கேன்" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவனோடு கூடத்துக்குப் போகிறார். இன்னொன்றில், "என்ன மாமா பைத்தியம் மாதிரி!" என்று எரிந்து விழுகிறான். மாஸ்டர் அசடு வழிகிறார். அசடு வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம், அப்புறம் ரேடியோவைப் பற்றிக் கேட்கலாம். மூன்றாவதில் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுகிறான்.

மூன்றையும் ஆலோசகரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மூணுலயும் மாஸ்டர் காரை விட்டு இறங்கல" என்றார். "எனக்கு அது போதும். முடிவை வெட்டிடுங்க சார். பயிற்சிக்கு வர்றவங்க பக்கத்து நாற்காலியில இருக்கறவரை மச்சானா வெச்சுக்கிட்டு அவங்களே முடிக்கட்டும்."

வெட்டிவிட்டேன். ஆகையால், இங்கே வந்து மாஸ்டரின் சீட்டில் உட்காருங்கள். படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு யாருடைய முகமோ ஞாபகம் வந்திருந்தால், ஓட்டுகிற சீட்டில் இருப்பது அவர்தான். கேள்வியைக் கேட்டாகிவிட்டது. உங்கள் காலையும் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா, இண்டிகேட்டரை ஆஃப் பண்ணட்டுமா?" என்கிறான் மச்சான்.

இண்டிகேட்டரை அணைக்க மறந்தவர்களை இத்தனை வருஷமாகக் கிழிகிழியென்று கிழித்த மாஸ்டர், "இருக்கட்டும்டா" என்கிறார்.

மச்சான் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான். மாட்டிக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொள்கிறான். மாஸ்டர் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறான்.

நான் வாயை மூடிக்கொள்கிறேன்.