இரண்டாம் முறை அளந்தவள்

கதிரவன் தலைகாட்டுமுன்பே கண்விழித்துவிடும் அம்மருத்துவமனையின் பின்புறத்தே, சுவர்களெல்லாம் ஆவியால் வியர்த்து நிற்க, அண்டாக்கள் கொதிக்க, கத்திகள் பலகைமேல் தாளமிட, முந்நூறு நோயாளிகளின் பசியாற்றும் பெருஞ்சமையற்கூடம் ஒன்று இருந்தது, அன்பரே. அதன் தலைவியோ, உப்பை நாவிலிட்ட பின்னும் உப்புத்தானா என்று ஐயுறும் உள்ளத்தினள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ எவராலும் இயலாது. அவளைச் சிரிக்கவைக்கவும் இயலாது.

அத்தகையாளை அழைத்து, உணவின் வெப்பம் காக்கும் பொறுப்பைப் பணியாளரிடமே பயிற்றி ஒப்படைக்குமாறு மேலிடத்தார் பணித்தனர். வேண்டாவெறுப்பாய் அவள், சாறு காய்ச்சும் நெடியவன் ஒருவனைத் தேர்ந்து, வெப்பமானியை அண்டாவின் நடுவே ஆழ்த்தும் முறையும், அறுபது பாகைக்குக் கீழிறங்கினால் கிருமி பெருகுமாதலின் வண்டியேற்றலாகாது என்னும் விதியும், அளந்ததை ஏட்டிலெழுதிக் கையொப்பமிடும் ஒழுங்கும் ஏழு நாள் கற்பித்தாள்.

அவன் திருத்தமாகவே கற்றான். அதுவே அவளை உறுத்திற்று. பார்த்துத்தான் எழுதுகிறானா என்று நெஞ்சு நச்சரிக்க, அவன் அப்பால் நகர்ந்ததும் மேலங்கியில் மறைத்த வேறொரு வெப்பமானியால் தானும் அளந்தாள். ஒருநாளும் பிழையில்லை, ஒருநாளும் அவள் ஐயம் தணியவுமில்லை. இருபதாம் நாள் நெடியவன் அதனைக் கண்டான்; கண்டும் காணாதவன்போல் போய்விட்டான்.

பயிற்சி தொடங்கித் திங்கள் ஒன்று கழிந்து, ஒரு முற்பகலில், பயிற்சியின் பயனை எடுத்துரைக்க அவளை மேல்மாடிக்கு அழைத்தனர். "அந்தத் தம்பி கையெழுத்துப் போட்டா போதும், நான் கண்ணை மூடிட்டு நம்புவேன்" என்று கூசாமல் உரைத்தவள், கடிகாரத்தைக் கண்டு திடுக்கிட்டாள். வண்டிகள் புறப்பட்டிருக்கும், இன்று அவள் அளக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி ஓடினாள்.

அறுவை முடிந்தோர் கிடக்கும் கூடத்தில் வண்டியை மறித்து, மூடி திறந்து அளந்தாள். முப்பத்தெட்டு. ஏட்டிலோ அறுபத்தைந்து. விடியலில் காய்ச்சிய சாற்றின் கீழ் அடுப்பு எப்போதோ அணைந்திருந்ததை எவரும் கண்டிலர். முதற்கட்டிலில் ஒரு முதியவர் கிண்ணம் முழுதும் பருகி முடித்திருந்தார்.

"அளந்தியா தம்பி?"

வண்டியருகே நின்ற நெடியவன் தலைகுனிந்தான். "இல்லக்கா. பத்து நாளா அளக்கல. என்னைக்கும் அறுபத்தஞ்சுதானே இருக்கும்னு எழுதிட்டேன். எனக்குப் பின்னாடி எப்படியும் நீங்க அளப்பீங்களே, அப்புறம் நான் எதுக்கு?"

மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, கட்டிலின் இருபுறமும் இருவரும் அமர்ந்து, முதியவரின் ஒவ்வோர் இருமலுக்கும் நடுங்கினர்.

"நல்லாத்தான் இருக்கேன். இப்படி ரெண்டு பேரும் முறைச்சுப் பார்த்தாத்தான் வயித்தைக் கலக்குது" என்றார் அவர். மறுநாளும் அவருக்கு ஏதும் நேரவில்லை.

அன்று நெடியவன் வெப்பமானியோடு அண்டாவருகே குனிந்தபோது, தலைவி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கச்சொல்லி உடம்பெல்லாம் துடித்தது. ஐயம் அவளை விட்டு நீங்கிற்று என்று கருதிவிடாதீர், அன்பரே. பொறுப்பைக் கொடுத்துவிட்டதாய் உலகுக்குச் சொல்லித் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தவள், அதனை மெய்யாகவே கொடுத்தது அந்த ஒரு நொடியில்தான். கொடுக்கையில் அஞ்சினாள், மிகவும் அஞ்சினாள்.