திமிசு போட்ட குழி

அந்தத் தெருவிலேயே பள்ளமான வீடு மேஸ்திரியுடையதுதான். மேட்டுப் பக்கத்து முப்பது வீடுகளின் மழைத் தண்ணீரும் சொல்லி வைத்தாற்போல அவள் வாசலுக்கு வந்து, இரண்டு படியையும் ஏறி, யாரையும் கேட்காமல் உள்ளே நுழையும். முன்னறையில் புருஷனின் தையல் மெஷின். மூன்று வருடத்தில் இரண்டு மோட்டார் போயிற்று. போன மழையில் ஒரு கல்யாணத்துக்குத் தைத்து வைத்த துணி மொத்தமும் சாக்கடைச் சேற்றில் ஊறியது. அவர் இரண்டு நாள் அந்தத் துணியை அலசி அலசிக் காயப்போட்டார். மூன்றாம் நாள் பேசினார்.

"இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா நான் அண்ணன் ஊருக்குக் கிளம்பறேன். நீ வந்தா வா."

"வராம? இங்க யாருக்கு ஆக்கிப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்?" என்றாள் மேஸ்திரி.

சிரிப்புக்குச் சொன்னாளே தவிர, போக மனசில்லை. பதினாறு வயதில் மண் சுமக்க வந்தவள் அவள். முதுகெலும்பு தேய்ந்து, இன்று ஒன்பது ஆட்களை வைத்து வேலை வாங்குகிறாள். பொம்பளை மேஸ்திரி என்று சிரித்தவர்கள்கூட இப்போது அவளைத் தேடி வருகிறார்கள். அந்தப் பேர் இந்த ஊரில்தான் செல்லும். அண்ணன் ஊருக்கு மூட்டை கட்டி எடுத்துப் போகிற சாமானா அது?

நகராட்சி எஞ்சினியரம்மாவை அவள் முதலில் பார்த்ததும் அதே மழையில்தான். ஆபீஸ் ஆட்கள் தண்ணீர் வடிந்து நாலு நாள் கழித்து, காய்ந்த தெருவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். முன்னால் ஒரு செருப்பு மிதந்து போனது.

"உங்க செருப்பா மேடம்?" என்று மேஸ்திரி வாசலிலிருந்து கேட்டாள்.

"இல்லக்கா. அது எங்க போகுதுன்னு பாக்கறேன்."

பைத்தியமோ என்று நினைத்தாள். எட்டு மாதம் கழித்து அந்தத் தெரு வேலை அவள் ஆட்களுக்கே வந்து, வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. அவள் எத்தனையோ வரைபடம் பார்த்தவள். எல்லாவற்றிலும் சாலை இருக்கும். இதில் தண்ணீர் இருந்தது. எந்த வீட்டுக் கூரையிலிருந்து இறங்கி, எந்த முக்கில் திரும்பி, எங்கே வேகம் பிடிக்கிறது என்று அம்பு அம்பாகப் போட்டிருந்தது. கடைசியில் அவள் வாசற்படி இரண்டும், உயரத்தோடு. தன் படி ஒரு காகிதத்தில் ஏறியிருப்பதை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

வேலை இதுதான். தெரு ஓரமாக, மேட்டிலிருந்து பள்ளம் வரை ஆறு குழி. ஒவ்வொன்றும் இரண்டு கட்டில் நீளம், இடுப்பளவு ஆழம். அடியில் சல்லி, மேலே மணல் கலந்த மண், அதில் புல்லும் செடியும். செடி நிற்கிற மட்டம் சாலையைவிட ஒரு சாண் தாழ்வு. ஓரக்கல்லில் அங்கங்கே வாய் விட வேண்டும். சாலைத் தண்ணீர் அந்த வாய் வழியாகக் குழிக்குள் இறங்கி, அப்படியே பூமிக்குள் போய்விடும்.

அவள் ஆட்களில் ஒட்டடைக்குச்சி என்று பேர் வாங்கிய நெட்டையன் தலையைச் சொறிந்தான். "இத்தனை வருஷமா தண்ணிய விரட்டத்தான் கூலி குடுத்தாங்க. இப்ப குழி வெட்டி உக்கார வைக்கச் சொல்றீங்க. பாயும் போட்டுடலாமா மேடம்?"

"பாய் வேணாம்ணே. கீழ இறங்க வழி விட்டா போதும், தானா போயிடும்."

வேலை முடிந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. எஞ்சினியரம்மா தண்ணீர் லாரியோடு வந்த காலையில் வானம் மூட்டம் போட்டிருந்தது. ஆறு குழியிலும் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் கோடு போட்ட குச்சி நட்டார். ஒரு மணி நேரத்தில் வடிய வேண்டும்.

முதல் இரண்டு குழியும் ஆட்கள் டீ குடித்து முடிப்பதற்குள் காலி. வாயைத் துடைத்துக்கொண்ட மாதிரி ஈரம் மட்டும் மிச்சம். மற்ற நாலும் அசையவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேஸ்திரி வீட்டு வாசலில் இருந்த ஆறாவது குழி, முகம் பார்க்கிற கண்ணாடிபோல மேகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

எஞ்சினியரம்மா குழி ஓரத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுதான்க்கா. மேட்டுல மட்டும்தான் மண்ணைச் சோதிச்சேன். பள்ளத்துல களிமண் போல. சாயங்காலத்துக்குள்ள ஆபீசுக்கு எழுதிக் குடுத்தாகணும்."

"எழுதிக் குடுத்தா?"

"இதையெல்லாம் மூடிட்டு, பழைய திட்டப்படி ரோட்டை ரெண்டடி ஏத்தி கான்கிரீட் போட்டுடுவாங்க."

"ரெண்டடி ஏத்தினா என் வாசப்படி?"

"படி ரெண்டும் ரோட்டுக்குக் கீழ போயிடும்க்கா."

களிமண்ணா? ஆறாவது குழியை வெட்டியதே மேஸ்திரிதான். மண்வெட்டியில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்த மண். பிறகு ஏன் நிற்கிறது? மேல் குழிக்கும் கீழ்க் குழிக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் நாள் நாளாகப் பின்னால் போய் யோசித்தாள். முதல் இரண்டு குழி வெட்டிய அன்று மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டையின் பிடி முறிந்து, ஆசாரியிடம் போயிருந்தது.

அவள் திரும்பி ஒட்டடைக்குச்சியைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது போல, எங்கேயோ பார்த்தான்.

அவர்கள் கைக்கு ஒரு சட்டம் உண்டு. வெட்டின குழியின் அடியைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்காமல் மேலே ஒரு கல்லைக்கூட வைக்கக் கூடாது. அஸ்திவாரமோ சாலையோ, இடிக்காத மண் என்றைக்காவது அமுங்கும், மேலே இருப்பது வாய் பிளக்கும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. குழியைக் கண்டால் கை தானாகக் கட்டையைத் தேடும்.

சொன்னால் வாங்கின பேர் போகும். சொல்லாவிட்டால் இந்த அம்மாவின் பேர் போகும், கூடவே வீடும் போகும். முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு என்றும் இருந்ததில்லை.

"மேடம், களிமண் இல்ல. நாங்க திமிசு போட்டுட்டோம்."

"எங்க?"

"அடியில. சல்லி கொட்டறதுக்கு முன்னாடி. மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் மூணு சுத்து." தன் வாசல் குழியைக் கைகாட்டினாள். "ஆறாவதுக்கு ஏழு சுத்து. நானே போட்டேன். என் வீட்டு வாசலாச்சே, நல்லா இருக்கட்டும்னு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். எஞ்சினியரம்மா ஒரு இரும்புக் கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு மண், சல்லி வழியாக அழுத்தினார். அடியில் போய் ணங்கென்று நின்றது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது நிம்மதி.

"சல்லி எவ்வளவுன்னு எழுதினேன், மண் எவ்வளவுன்னு எழுதினேன். இடிக்கக் கூடாதுன்னு எழுதல. யாராவது இடிப்பாங்கன்னே எனக்குத் தோணல."

"இடிக்காம விடுவாங்கன்னு எங்களுக்குத் தோணல மேடம்."

எஞ்சினியரம்மா சிரித்துவிட்டார். ஆபீசுக்குப் போன் போட்டு, நாளைக்குத்தான் அறிக்கை தருவேன் என்றார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லாரிக்காரனை விட்டுத் தண்ணீரை இறைத்து, செடியைப் பெயர்த்து வைத்து, மண்ணையும் சல்லியையும் வாரி வெளியே கொட்டி, அடியை முழங்கை ஆழத்துக்குக் கொத்தி விட வேண்டும். நாலு குழி. மழைக்குள் நாலும் முடியாது.

"எதுல ஆரம்பிக்கலாம், நீங்க சொல்லுங்க," என்றார் எஞ்சினியரம்மா.

ஒட்டடைக்குச்சி ஏற்கெனவே கடப்பாறையோடு ஆறாவது குழியில் ஒரு காலை வைத்திருந்தான். "இதுல என்ன யோசனை? அக்கா வீட்டு குழிதான்."

மேஸ்திரி தெருவை ஏற இறங்கப் பார்த்தாள். காகிதத்தில் இருந்த அம்புகள் எல்லாம் அவளுக்குத் தரையில் தெரிந்தன.

"ஏறி வாடா வெளிய. மேல விட்ட தண்ணிய கீழ வந்து ஒத்தக் குழியால பிடிச்சுடுவியா? மூணாவதுல ஆரம்பி."

எஞ்சினியரம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கால்சட்டையை மடித்துவிட்டு ஒரு கடப்பாறையை எடுத்தார்.

"அப்படிப் பிடிச்சா மண்ணு தளராது மேடம், உங்க கால் விரல்தான் தளரும்," என்றான் ஒட்டடைக்குச்சி. அவர் பிடியை மாற்றிக்கொண்டார். அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு திரும்ப இறங்கினார். மேஸ்திரி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். முப்பது வருடத்தில் குழிக்குள் நின்று தன்னோடு வியர்த்த எஞ்சினியரை அவள் பார்த்ததில்லை.

நாலாவது குழியில் மூச்சு வாங்க நின்றபோது எஞ்சினியரம்மா வரைபடத்தில் பேனாவை வைத்தார். "அடியை இடிக்காதேன்னு பெருசா எழுதிடறேன்."

"எழுதாதீங்க மேடம். படிச்சுட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு இடி இடிப்பானுங்க. கொத்தி விடுன்னு எழுதுங்க. எங்க கைக்கு ஒரு வேலை குடுத்தாத்தான் சும்மா இருக்கும்."

அவர் அப்படியே எழுதினார்.

நாலரை மணிக்கு மழை இறங்கியது. மூன்று குழி முடிந்து, ஆறாவது பாதியில் நின்றது. மேஸ்திரி வீட்டுக்குள் ஓடியபோது புருஷன் துணிகளைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"இங்க சாண்தாங்க கணக்கு. வந்து பாருங்க."

இருவரும் வாசலில் நின்றார்கள். கொட்டு கொட்டென்று கொட்டியது. வழக்கமாக இந்நேரம் மேட்டிலிருந்து குப்பையைத் தள்ளிக்கொண்டு ஓடி வரும் செம்மண் வெள்ளம், இன்று ஓரக்கல்லின் வாய் வாயாக இழுபட்டு, மெலிந்து போய் வந்தது. ஆறாவது குழி நிரம்பி வழிந்தது. முதல் படி மூழ்கியது. இரண்டாவது படியின் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. அவர் மெஷினைத் தூக்க உள்ளே திரும்பினார். அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

தண்ணீர் விளிம்பிலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மேட்டிலிருந்து எஞ்சினியரம்மா நனைந்தபடி இறங்கி வந்தார். "மேல அஞ்சும் குடிச்சுட்டே இருக்குக்கா," என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி.

மழை விட்டு அரை மணியில் இரண்டாவது படி வெளியே வந்தது. பிறகு முதல் படியும். முன்னறைத் தரை காய்ந்தே இருந்தது. புருஷன் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார், துணியின் தரம் பார்க்கிற மாதிரி.

"பாதி குழி மிச்சம் இருக்கு போல. அதைக் கொத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாளைக்குக் காலையில முடிஞ்சுடும்."

"முடிச்சுடு." அவர் பரணிலிருந்து ஒரு துணிக்கட்டை இறக்கினார். "அண்ணன் போன் பண்ணினா, வேலை நிறைய இருக்கு, இப்போதைக்கு வரலைன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. உங்க அண்ணன்தானே," என்றபடி மேஸ்திரி விளக்கைப் போட்டாள்.