நாலு உருளைக்கிழங்கும் ஒரு ‘ங்க’வும்

எங்கள் சலவைக்கூடத்தில் எனக்குக் கனாக்காரி என்று பேர். வைத்தவள் என் கூட்டாளி அக்கா. விடுதிகளிலிருந்து வரும் பெரிய படுக்கை விரிப்புகளை நாங்கள் இருவரும்தான் மடிக்கிறோம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்று உதற வேண்டும், நெருங்கி வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும், மறுபடி விலக வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை இதே வேலை. சூடான துணியின் வாசனையும் நீராவியும் சேர்ந்து, மதியத்துக்கு மேல் ஆளை ஒரு மாதிரி மிதக்க வைத்துவிடும். அக்கா நடந்து வந்து முனையை நீட்டுவாள். நான் வாங்க மறந்து நின்றுகொண்டிருப்பேன்.

“ஏய் கனாக்காரி, பிடி! எங்கே போயிட்டே?”

எங்கே போகப் போகிறேன், வீட்டுக்குத்தான்.

“இன்னைக்கும் அதே கதையா?” என்றாள்.

“காலையில அவ சீருடை மேல பாலைக் கொட்டிட்டேன் அக்கா. என்ன சொன்னா தெரியுமா? ‘பரவாயில்லை சித்தி, நீங்க கவலைப்படாதீங்க.’ ஒன்பது வயசு!”

“குடுத்து வச்சவடி நீ. என் வீட்டுல ஒண்ணு இருக்கே, வாயைத் திறந்தா ‘போம்மா, உனக்கு என்ன தெரியும்’தான்.”

அவள் குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் தாரம். என் கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். முதல் மனைவி நோயில் போய் மூன்று வருடம் ஆகிறது. நான் வந்து எட்டு மாதம். அவருடைய மகளுக்கு நான் சித்தி. இந்த எட்டு மாதத்தில் அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எது போட்டாலும் சாப்பிடுவாள், “நல்லா இருக்கு சித்தி” என்பாள், தட்டைத் தானே கழுவி வைப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கண் போடுகிற அளவுக்கு நல்ல பிள்ளை.

சில வீடுகளில் பெற்ற தாயையே ‘நீங்க’ என்பார்கள். இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவள் அப்பாவை நீ என்பாள். மாடிப்படியில் தூங்கும் பூனை, எதிர்வீட்டு வாயாடி, சுருங்கிப்போன தன் செருப்பு, எல்லோரும் நீதான். பரீட்சைக்கு முந்தின நாள் கடவுளோடு பேசியதை நான் காதாரக் கேட்டேன்: “நீ மட்டும் இன்னைக்குக் கைவிட்டே, அவ்வளவுதான்.” கடவுளுக்கே அந்தக் கதி. நான் ஒருத்திதான் ‘நீங்க’. வாங்க, போங்க, உக்காருங்க. அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும், வாசலில் வந்து நிற்கிற விருந்தாளிக்குப் போடும் நாற்காலி மாதிரி. விருந்தாளி என்றால் ஒரு நாள் கிளம்பிப் போகிறவள்தானே? அவளோடு ஒரு முறையாவது நன்றாகச் சண்டை போட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வேலை முடிந்து நடந்து வரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவிளக்குகள் சீக்கிரமே எரிந்துவிட்டன. ஈரத் தரையில் ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் இன்னொரு விளக்கு மங்கலாக எரிந்தது. எல்லாத் தெருவும் யாரோ சற்று முன்புதான் துவைத்துப் பிழிந்து போட்டது போல் இருந்தது. கால்கள் தாமாகவே நடந்தன. எங்கள் தெரு தாண்டி இரண்டு தெரு போன பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்தேன். கனாக்காரி என்று சும்மாவா சொல்கிறார்கள்.

மாசக்கடைசி. கூடையில் நாலு உருளைக்கிழங்கு, இரண்டு வெங்காயம். ஒரு பாத்திரம் பால். முந்தாநாள் வாங்கிய ரொட்டி, கல்லாகிப் போயிருந்தது. இவ்வளவுதான் வீடு. இருந்தால் என்ன? கிழங்கு இருக்கிற வீட்டில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

மகள் முன்னறையில் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஓட்டப்பந்தயப் பயிற்சி. முட்டியெல்லாம் மண்.

“பசிக்குதா?”

“பரவாயில்லை சித்தி. நீங்க மெதுவா செய்ங்க.”

பார்த்தீர்களா?

கிழங்கைத் தோல் சீவி வட்ட வட்டமாக, மெல்லிசாக நறுக்கினேன். வெங்காயத்தை எண்ணெயில் போட்டு, அது பொன்னிறமாகி ஓரங்கள் சுருளும்வரை வதக்கினேன். அதில் அவசரப்பட்டால் இந்தச் சாப்பாடே வீண். பிறகு கிழங்கை அதன்மேல் அடுக்கி, மிளகைத் தட்டிப் போட்டு, பாலை ஊற்றி, தீயைக் குறைத்து மூடி வைத்தேன். காய்ந்த ரொட்டியைக் கையால் பிய்த்து, எண்ணெயில் புரட்டித் தனியே எடுத்து வைத்தேன். கடைசியில் மேலே தூவுவதற்கு.

அப்புறம் ஒன்றும் வேலையில்லை. பால் தானாகவே கெட்டியாக வேண்டும். அடிக்கடி மூடியைத் திறந்து ஓரத்தை மட்டும் வழித்துவிட வேண்டும். சமையலறை ஜன்னல் ஆவியில் வெள்ளையாகிவிட்டது. வெளியே மழை இருக்கிறதா, தெரு இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. வெங்காயமும் பாலும் சேர்ந்த வாசனை முன்னறைக்குப் போயிருக்க வேண்டும். மகள் வாசல்படியில் வந்து நின்றாள்.

“ஆச்சா சித்தி?”

“இன்னும் கொஞ்சம்.”

போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள்.

“மேல அந்த மொறுமொறுப்பு எப்போ போடுவீங்க?”

“எடுக்கும்போது.”

நான் அடுப்பங்கரை மேடையில் சாய்ந்து நின்றேன். கண் மூடவில்லை என்றுதான் நினைக்கிறேன். பாலின் மேல்பரப்பு மெல்ல ஏறி இறங்கியது. அது ஒரு பெரிய வெள்ளை விரிப்பாயிற்று. அதன் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். ஒரு முனை அவர் கையில், ஒரு முனை மகள் கையில். நாங்கள் எட்டி நின்று உதறினோம். சத்தமே இல்லை. விரிப்பு கூரைவரை எழும்பி மெதுவாக இறங்கியது. நாலாவது முனையும் தொங்கவில்லை, யாரோ பிடித்திருந்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். பயமாகவும் இல்லை. ஒரு விரிப்பை மடிக்க எத்தனை கை இருந்தாலும் நல்லதுதான் என்று தோன்றியது. நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்கப் போகும் நேரத்தில்—

“சித்தி, பொங்குது!”

பாய்ந்து தீயை அணைத்தேன். நல்லவேளை, சிந்தவில்லை. பால் கெட்டியாகி கிழங்கோடு ஒட்டிக் கிடந்தது. ரொட்டியைத் தூவி அப்படியே சட்டியோடு கொண்டுபோய் முன்னறையில் வைத்தேன். அதற்குள் அவரும் வந்துவிட்டார், கையில் இயந்திர எண்ணெய் வாசனையோடு.

“அடேயப்பா! என்ன வாசனை! தெருமுனையிலயே இழுத்துடுச்சு,” என்றார். வாசலில் நுழையும்போதே பாராட்டிவிடுவது அவர் வழக்கம். எங்கள் இருவருக்கும் நடுவில் எதுவும் உடைந்துவிடக் கூடாது என்று எட்டு மாதமாக நுனிக்காலில் நடக்கிற மனிதர்.

மூவரும் தரையில் உட்கார்ந்தோம். நான் பரிமாறினேன். அவர் ஒரு வாய் வைத்தார். தாடை ஒரு கணம் நின்றது. பிறகு மென்றார். “ம், அருமை,” என்றார் பக்குவமாக.

மகளுக்கு அந்தப் பக்குவமெல்லாம் இல்லை. ஓடிவிட்டு வந்த பசி, ஒரு மணி நேரமாக முகர்ந்த வாசனை. வட்டக் கிழங்கும் மொறுமொறுப்புமாக ஒரு கரண்டி நிறைய அள்ளி வாயில் திணித்தாள். கண் இரண்டும் விரிந்தன.

“ஐயே! உப்பே போடல நீ!”

உப்பு. ஆமாம். வெங்காயத்துக்கும் போடவில்லை, கிழங்குக்கும் போடவில்லை. ஆனால் அது என் மண்டைக்குள் ஏறவே இல்லை. வேறொரு எழுத்துதான் காதில் நின்றது.

“ஏய்!” அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “யாரைப் பார்த்து ‘நீ’ங்கறே? சித்தியை மரியாதையா பேசு.”

அவள் முகம் சட்டென்று மாறியது. கண்ணெதிரே கதவைச் சாத்துகிற மாதிரி. தலையைக் குனிந்துகொண்டாள்.

“மன்னிச்சுக்குங்க சித்தி. நல்லாத்தான் இருக்கு.”

அடுத்த கரண்டியை எடுத்தாள். அதே ‘ங்க’. அதே நாற்காலி. எனக்கு வந்ததே ஒரு கோபம்.

“நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களா?” என்றேன் அவரிடம். அவர் அப்படியே ஆடிப்போய்விட்டார். நான் அவள் பக்கம் திரும்பினேன். “எங்கேடி நல்லா இருக்கு? வாயில வைக்க முடியல. பொய்யா சொல்றே?”

அவள் நிமிர்ந்தாள். நான் குரல் உயர்த்தி அவள் கேட்டதே இல்லை.

“பகல் முழுக்க நின்னுட்டு வந்து, மறுபடி நின்னு சமைச்சிருக்கேன். உப்பு மறந்துட்டேன். ஆமா, மறந்துட்டேன். அதை நேரா முகத்தைப் பார்த்துச் சொல்லாம, நல்லா இருக்காம் நல்லா!”

சொல்லிவிட்டேன். அழுதுவிடுவாளோ, எழுந்து போய்விடுவாளோ. எட்டு மாதமும் ஒரே நிமிடத்தில் பாழாகிவிடுமோ. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

“நேரா சொன்னேன் இல்ல?” அவள் குரல் உடைந்து, உடனே கீச்சென்று ஏறியது. “நான்தான் முதல்லயே சொன்னேன்! நீ மறந்துட்டு என்னையே திட்டறியா?”

“திட்டுவேன்.”

“திட்டு! எனக்கென்ன!”

எழுந்து விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடி, உப்பு டப்பாவை எடுக்கக் கை நீட்டினேன். அவள் என் இடுப்பில் முட்டி ஓரம் தள்ளினாள்.

“நகரு. நீ போட்டா கொட்டிடுவே.”

நகர்ந்தேன்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் சட்டியின் முன் மண்டியிட்டாள். போட்டாள், கிளறினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். அதே கரண்டியால் ஒரு துண்டு கிழங்கை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“இப்போ பாரு.”

வாங்கிக்கொண்டேன். விழுங்க நேரம் ஆயிற்று.

“கொஞ்சம் தூக்கலா இருக்கு,” என்றேன்.

“இல்லவே இல்ல! உன் நாக்குதான் சரியில்ல. அப்பா, நீ சொல்லு!”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல், தட்டை மட்டும் முன்னால் நகர்த்தினார்.