ஊசி போட்ட கை

விடியுமுன்னே அந்த முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் மூத்திர வாடையும் கிருமிநாசினி வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். அந்த வாடைக்குள்ளே, வளைந்த முதுகு நிமிராமல் வேலை நடந்துகொண்டிருந்தது. ஈர விரிப்பை உருவ வேண்டும். படுத்திருப்பவரை ஒரு பக்கமாக உருட்டி ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் புது விரிப்பைச் செருக வேண்டும். முதுகில் புண் வைத்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். உருட்டுகிறவளுக்கு இடுப்பே விட்டுப்போனாலும் சரி, உருள்கிறவருக்கு வலிக்கக்கூடாது.

ஐ.சி.யூ. அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது கூட வேலை பார்க்கிற பெண்கள்தான். வாயைத் திறந்தால் "எங்க ஐ.சி.யூ.ல" என்றுதான் ஆரம்பிப்பாள். ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். எமனோடு மல்லுக்கட்டி எத்தனையோ பேரை மீட்டவள். இங்கே அவள் சட்டையில் 'உதவியாளர்' என்று தைத்திருந்தது. அம்மா வீடியோவில் கூப்பிட்டால் அந்த எழுத்தின் மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொள்வாள். மகள் வெளிநாட்டில் நர்ஸ் என்று அம்மா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள், பாவம்.

அந்த நாட்டுச் சட்டம் அப்படி. வெளியில் படித்த நர்ஸ் முதலில் உதவியாளராகக் கொஞ்ச காலம் உழைக்க வேண்டும். முதலாளி நற்சான்று தர வேண்டும். அப்புறம்தான் நர்சிங் கவுன்சில் பரீட்சைக்கே உட்கார விடும். லைசென்ஸ் வருகிறவரை ஊசியைத் தொடக்கூடாது. தொட்டது தெரிந்தால் கவுன்சில் கதவு சாத்தியதுதான்.

சட்டம் என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று தளத்துக்கும் சேர்த்து லைசென்ஸ் உள்ளவர் பெரிய சிஸ்டர் ஒருவர்தான். அவர் வருவதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிடும். "படிச்ச புள்ளைங்கதானே, போட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்று சிரித்துக்கொண்டே ஊசித் தள்ளுவண்டியை இவளைப் போல ஊரிலிருந்து வந்த நர்ஸ் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டார் முதலாளி. நற்சான்று அவர் கையில். யார் மறுத்துப் பேசுவது? போதாததற்குச் சமையலறையில் ஆளைக் குறைத்தார். காலைச் சாப்பாட்டுத் தட்டு தாமதமாக வரத் தொடங்கியது. காலை ஷிப்டிலும் ஆளைக் குறைத்தார். அதனால் இரவு ஷிப்டுப் பெண்களே வீட்டுக்குப் போகுமுன் இன்சுலினைப் போட்டுவிட வேண்டியதாயிற்று.

இன்சுலின் உள்ளே போய்ச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். நர்சிங் முதல் வருஷத்துப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. தெரிந்தேதான் போட்டார்கள். கேவலம் என்றால் அதுதான்.

அன்றைக்கும் ஐ.சி.யூ. அக்கா ஊசியில் மருந்தை இழுத்து, பக்கத்தில் நின்ற சுருட்டையிடம் நீட்டினாள். ஒருத்தி இழுத்தால் இன்னொருத்தி அளவைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஊரில் பழகிய பழக்கம். முடியெல்லாம் சுருள்சுருளாக இருப்பதால் அந்தப் பெண் சுருட்டை. வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

"அளவு சரிதான் அக்கா. தட்டு வந்தப்புறம் போட்டா என்ன?"

"தட்டு எப்ப வர்றது, நாம எப்ப வீட்டுக்குப் போறது? சும்மா இருடி."

படுக்கையில் இருந்தவர் காலமெல்லாம் கப்பலில் எந்திரம் ஓட்டியவர். எல்லாருக்கும் கப்பல்காரர். "என்னம்மா, இன்னிக்காவது சாப்பாடு கரைக்கு வருமா?" என்றார்.

"வந்துட்டே இருக்கு ஐயா," என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டாள்.

வரவில்லை. துணிகளை அள்ளிக்கொண்டு போன சுருட்டைதான் முதலில் பார்த்தாள். கப்பல்காரர் வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தார். கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. "அக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூடமே அதிர்ந்தது. ஐ.சி.யூ. அக்கா ஓடிவந்து அவரை ஒருக்களித்துத் திருப்பினாள். சுருட்டை அவர் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், அதலபாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் கூழை விரலில் எடுத்து, புரையேறாமல் கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள்.

ஆம்புலன்ஸ்காரர் மண்டியிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். உதவியாளர் என்றால், "தெரியாதுங்க, சிஸ்டரைக் கேளுங்க" என்று ஒதுங்கியிருக்க வேண்டும். சுருட்டை அங்கேதான் தப்பு செய்தாள். ஒரு நர்ஸ் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. நோயாளியை ஒப்படைக்கும்போது எதையும் மறைக்கக்கூடாது என்று எலும்பில் ஊறியிருந்தது. இன்சுலின் எப்போது போட்டது, எவ்வளவு, எந்தக் கையில், கடைசியாக என்ன சாப்பிட்டார், சர்க்கரை எவ்வளவு, என்ன கொடுத்தோம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஆம்புலன்ஸ்காரர் தலையாட்டிக்கொண்டே நரம்பில் மருந்தேற்றினார். கப்பல்காரர் பிழைத்ததே அந்த ஒப்பிப்பால்தான்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த முதலாளி, எல்லாவற்றையும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டது யாரு?"

சுருட்டை திரும்பி ஐ.சி.யூ. அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். நற்சான்று கைக்கு வரப் போகிற நேரம், இத்தனை நாள் பட்டதெல்லாம் பாழாகிவிடுமே என்ற ஒரே நினைப்பு.

"நீதானா?" என்றார் முதலாளி, சுருட்டையிடம்.

சுருட்டை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து, ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்கப் போனாள்.

அன்று முற்பகல் முதலாளி ஐ.சி.யூ. அக்காவைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா எப்படி இருக்கார் சார்?"

"பொழைச்சுட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ஆனா அந்தச் சுருட்டைக்கு வாய் ஜாஸ்தி. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அவ ஒப்பிச்சது ஆம்புலன்ஸ்காரர் மூலமா கவுன்சிலுக்குப் போயிடுச்சு, நாளைக்குக் காலைல விசாரிக்க வர்றாங்க. நீ விவரமான பொண்ணு. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். இங்க உதவியாளருங்க யாரும் ஊசியைத் தொடறதில்ல, அவ தானாத் தொட்டுட்டா. அவ்வளவுதான்."

"அவ... அவளுக்கு அப்புறம் லைசென்ஸ் கிடைக்காதே சார்."

"அது அவ பாடு. உனக்குக் கிடைக்கணுமா வேணாமா? நற்சான்றுல இந்த வாரமே கையெழுத்துப் போட்டுடறேன்."

"சரிங்க சார்," என்றாள்.

சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்குத் தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இல்லத்துக்குப் பின்னாலேயே முதலாளி கொடுத்திருந்த ஓர் அறையில்தான் கீழ்த்தளத்து இரவு ஷிப்டுப் பெண்கள் நான்கு பேரும் தங்கியிருந்தார்கள். உள்ளே போனபோது சுருட்டை பெட்டியில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். வேலையும் இல்லை, அறையும் இல்லை, நாளைக்குள் காலி செய் என்று உத்தரவு. சாப்பிட்டியா என்றுகூட அவளைக் கேட்க ஐ.சி.யூ. அக்காவுக்கு வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"கண்ணு, பக்கத்து வீட்டுப் பொண்ணும் நர்சிங் சேர்ந்திருக்காடி. உன்னை மாதிரி வரணும்னு சொல்றா. அவகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசேன்."

"அப்புறம் பேசறேம்மா."

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வேலை ஜாஸ்தி."

போனை வைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு நெஞ்சு முழுக்கப் புண்ணாகவே இருந்தது.

"என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமேடி," என்றாள் சுருட்டையிடம். "அக்காதான் போட்டான்னு ஏன்டி சொல்லல?"

"அதை நீங்கதானே அக்கா சொல்லணும்? நான் சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும்," என்றாள் சுருட்டை. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது அக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே திரும்பினாள். ஊரில் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுத்தவள். "போட்டது நீயா? சின்னப் பொண்ணு தலையில கட்டிட்டுச் சும்மா வந்து நிக்கிறியா? உன்னைப் போய் அக்கான்னு கூப்பிட்டோமே!"

"போட்டதும் நான்தான். முதலாளிகிட்ட சரின்னு தலையாட்டிட்டு வந்ததும் நான்தான். நற்சான்றுல இந்த வாரமே கையெழுத்துன்னார்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

டீச்சரின் முகம் சட்டென்று கறுத்தது. மடித்த துணியை மறுபடி மறுபடி மடித்தாள்.

"என்னையும் கூப்பிட்டார்," என்றாள் மெதுவாக. "அதே நாற்காலி. அதே பேச்சு. நானும் சரின்னுட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்னைத் திட்டறேன் பாரு."

மூலையில் இருந்த மூக்குத்தி வாயே திறக்காதவள். மூக்கில் கல் மினுங்குவதைத் தவிர அவள் இருப்பதே தெரியாது. அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நானும்," என்றாள்.

சுருட்டை சிரித்துவிட்டாள். "அடக் கடவுளே! ஒரு கையெழுத்தைக் காட்டி மூணு பேரை வாங்கியிருக்கார். கெட்டிக்கார மனுஷன்தான்!"

அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்குச் சவுக்கடியாக இருந்தது.

"நாளைக்கு நான் உண்மையைச் சொல்லிடறேன்," என்றாள் ஐ.சி.யூ. அக்கா.

"சொல்லி?" என்றாள் டீச்சர். "இவளைத் தூக்கின இடத்துல உன்னைத் தூக்குவார். இவ பெட்டி உள்ள வரும், உன் பெட்டி வெளிய போகும். மறுநாள் காலைல தட்டு வர்றதுக்கு முன்னாடி ஊசி மட்டும் வழக்கம்போல போகும். கப்பல்காரர் தப்பிச்சார். அடுத்தவர் தப்பிப்பாரா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"எல்லாருந்தானே போட்டோம்? எல்லாரும் சொல்லுவோம். யார் சொல்லிப் போட்டோம்னும் சேர்த்துச் சொல்லுவோம். இனிமே நாம யாரும் ஊசியைத் தொடறதில்ல. தட்டு படுக்கைக்கு வந்தப்புறம் பெரிய சிஸ்டர் வந்து போடட்டும்."

"எல்லாருக்கும் லைசென்ஸ் போயிட்டா?" என்றாள் மூக்குத்தி. "ஊர்ல என் புள்ளைங்க ரெண்டும் என்னைத்தான் நம்பியிருக்கு."

போகலாம், போகாமலும் இருக்கலாம். பொய் சொல்லித் தேற்ற அவர்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

மூக்குத்தி மூக்கை உறிஞ்சினாள். "மேல்தளத்துப் பொண்ணுங்களையும் கேக்கணும்ல? நாலு பேர் மட்டும் நின்னா ஊதித் தள்ளிடுவார். வாங்க, அவங்க தூங்கறதுக்குள்ள போவோம்." எல்லோருக்கும் முன்னால் அவள்தான் செருப்பை மாட்டினாள்.

பக்கத்து அறைகளைக் கதவு கதவாகத் தட்டினார்கள். சிலர் திறந்தார்கள், ஒருத்தி திறக்கவே இல்லை. ஒருத்தி, "எங்க மாடியிலயும் போன மாசம் ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் ஆச்சு, மூடி மறைச்சுட்டோம்," என்று சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வோர் அறையிலும் ஐ.சி.யூ. அக்கா தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஊசியைப் போட்டது, தலையைக் குனிந்தது, சரிங்க சார் என்றது. சொல்லச் சொல்ல வெட்கம் குறையும் என்று நினைத்தாள். ஒரு மண்ணும் குறையவில்லை.

மறுநாள் விடியலில் விரிப்பு மாற்றினார்கள், முதுகு துடைத்தார்கள், எல்லாருக்கும் வாய் நனைத்தார்கள். ஒரு வேலையையும் விடவில்லை. முடித்துவிட்டு, ஊசித் தள்ளுவண்டிக்கு முன்னால் கூடத்தில் வரிசையாக வந்து நின்றார்கள். நடுவில் சுருட்டை.

முதலாளி இறங்கி வந்தார். "இவளை யாரு உள்ள விட்டது?"

"நாங்கதான்," என்றாள் டீச்சர்.

"நேத்து ஊசி போட்டது நான், சார். அவ இல்ல," என்றாள் ஐ.சி.யூ. அக்கா. "நீங்க சொல்லித்தான் தினமும் எல்லாரும் போட்டோம். இனிமே நாங்க ஊசியைத் தொட மாட்டோம், தட்டு வந்தப்புறம் பெரிய சிஸ்டர் போடட்டும். கவுன்சில்காரங்ககிட்டயும் இதைத்தான் சொல்லப் போறோம்."

"உனக்குப் பைத்தியமா? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே!"

"மத்தவ தலையில போட்டதுக்கு இது பரவால்ல சார்."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "கடைசியாச் சொல்றேன். விலகி நிக்கறவங்களுக்கு இப்பவே கையெழுத்து. மத்தவங்க ஒருத்திக்கும் கிடையாது."

மூக்குத்தி அரை அடி பின்னால் நகர்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் கடைசி அறையில் மணி அடித்தது. யாரோ ஒரு பெரியவர் கூப்பிடுகிறார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதலாளியின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. மணி அடித்தால் இவர்களால் நிற்க முடியாது என்று அவருக்குத் தெரியும். எத்தனை வருஷமாக அதை வைத்துத்தானே பிழைக்கிறார்.

"ஒருத்தி போங்க," என்றாள் ஐ.சி.யூ. அக்கா. "மத்தவங்க நிப்போம்."

வேலையிலிருந்து துரத்தப்பட்ட சுருட்டைதான் போனாள். தடுக்க முதலாளி கையை நீட்டினார். மணி விடாமல் அடித்தது. அவர் வழிவிட்டார். அவள் நின்ற இடத்தை யாரும் நிரப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, "தண்ணி கேட்டார், கொடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் நின்றாள்.

கவுன்சிலிலிருந்து இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பின்னாலேயே பெரிய சிஸ்டர், முகம் வெளுத்துப் போய். வந்தவர்களில் மூத்த பெண்மணி வரிசையைப் பார்த்துத் திகைத்தார்.

"இத்தனை பேரா? சரி, ஊசி போட்டது யாரு?"

அதே கேள்வி. ஐ.சி.யூ. அக்காவுக்கு முகம் தீயாய் எரிந்தது. தரையைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கினாள்.

"நான். நான் ஒரு நர்ஸ். போட்டது தப்புன்னு தெரிஞ்சே போட்டேன்."

பக்கத்தில் டீச்சரின் கை எழுந்தது. அப்புறம் மேல்தளத்துப் பெண்களின் கைகள். கடைசியாக, மூக்குத்தியின் கை. நேற்று ஊசி போடாத சுருட்டையும் தூக்கினாள். பெண்மணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றார்.