அடித்தல் திருத்தலுக்குப் பத்து மார்க்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல, என் தங்கையுடையது. அவள் ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிற டீச்சர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவள், தோள்பையைக்கூட இறக்காமல் என் கணினியின் கீபோர்டு மேலேயே மூன்று தாள்களை வைத்து, "அண்ணா, இதைப் படிச்சுப் பாரேன்" என்றாள். படித்தேன். வாய் ஓயாமல் பாராட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வியாழக்கிழமை, எல்லாம் கைமீறிப் போன பிறகு, இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா என் பேரு, ஸ்கூல் பேரு, அந்தப் பொண்ணு பேரு எதுவும் வரக்கூடாது. வந்துச்சு, உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்."

ஆகவே இனி அவள் டீச்சர். அந்தப் பெண் ரயில். இது நான் வைத்த பெயர் இல்லை, வகுப்பு வைத்தது. அவள் கையெழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. பெட்டிக்குப் பெட்டி கொக்கி மாட்டினாற்போல் ஒரே ஓட்டமாக ஓடும்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

[அடித்தது: கணினியா, கையெழுத்தா? கல்வி உலகையே உலுக்கும் கேள்வி இது.] உலகம் அதுபாட்டுக்கு இருக்கிறது. ஒரு டீச்சருக்குத் தூக்கம் கெட்டது, அவ்வளவுதான்.

[அடித்தது: மழை பெய்துகொண்டிருந்தது.] பெய்யவில்லை.

[அடித்தது: டீச்சருக்குக் கணினி என்றாலே ஆகாது.] சுத்தப் பொய். வகுப்பில் புரொஜெக்டர் மக்கர் பண்ணினால் மற்ற ஆசிரியர்கள் ஆள் அனுப்புவது அவளுக்குத்தான்.

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு ஐந்து மொழிப்பாட வகுப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் மடிக்கணினி வந்தாயிற்று. அடுத்த பருவத்திலிருந்து ஐந்து வகுப்பும் அதில்தான் என்று தலைமையாசிரியை முடிவு செய்துவிட்டார். எல்லோருக்கும் அவர் பெரிய மேடம். டீச்சர் அவர் அறையில் போய் நின்றாள்.

"மூணு வகுப்பு கம்ப்யூட்டர்ல இருக்கட்டும் மேடம். ரெண்டு மட்டும் நோட்டுல எழுத விடுங்க."

"ஏன், என்ன குறைச்சல்?"

"கம்ப்யூட்டர்ல அவங்க முடிச்சதுதான் என் கைக்கு வருது. யோசிச்சது வரல. எங்க தடுமாறினாங்க, எதை வேண்டாம்னு விட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானே சொல்லிக்கொடுக்க முடியும்? அதுவுமில்லாம, ஸ்கிரீனைப் பார்த்தாலே கல்லு மாதிரி உட்கார்ந்துடுற பிள்ளைங்க நாலஞ்சு இருக்கு. பேனா குடுத்தா மளமளன்னு எழுதுது."

"நல்லாத்தான் பேசறீங்க. ஆதாரம் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல பத்து நிமிஷம் தர்றேன்."

'அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக' என்றுதான் நாமெல்லாம் வளர்ந்தோம். டீச்சர் அதைத் தலைகீழாக்கினாள். சனி ஞாயிறில் கட்டுரையை முதலில் பேனாவால் எழுத வேண்டும். பிறகுதான் கணினி. ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது. வேண்டாத சொல்லை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அடியில் இருப்பது தெரிய வேண்டும். கட்டுரைக்கு இருபது மார்க், அடித்தல் திருத்தலுக்குப் பத்து.

(இந்த யோசனையைக் கொடுத்த மகானுபாவன் யார் என்று கேட்காதீர்கள். குடும்பத்தில் ஓர் எழுத்தாளன் இருந்தால் இப்படித்தான்.)

3

கட்டுரைத் தலைப்பு: எங்கள் வீட்டில் ஒரு சத்தம்.

ரயிலின் முதல் வரி இப்படி: 'அம்மா வேலை முடிந்து வந்ததும் பையை மேசைமேல் எறியும்.' அதில் 'எறியும்' அடிபட்டிருந்தது. பக்கத்தில் 'போடும்'. அதுவும் அடிபட்டிருந்தது. அதற்கும் பக்கத்தில், 'வைக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பசிக்கும்.'

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் விட்ட பிரசங்கத்தை அப்படியே தருகிறேன், மானம் போனால் போகட்டும்:

"பாரு, மூணே சொல்லுல ஒரு பொண்ணு தன் அம்மாவைக் காப்பாத்தியிருக்கா. இருபது வருஷமா எழுதறேன். நிஜமா தடுமாறி அடிச்சது எது, சும்மா அடிச்சது எதுன்னு ஒரு பார்வையிலேயே சொல்லிடுவேன். கண்ணை மூடிக்கிட்டுப் பத்துக்குப் பத்து போடு."

போட்டாள். புதன்கிழமை காலை பெரிய மேடத்திடம் காட்டினாள். அவருக்கும் பிடித்துப்போனது. "எல்லாருக்கும் ஒரு காப்பி குடுத்துடலாம். அந்தப் பொண்ணோட அம்மாவையும் வரச் சொல்லுங்க."

டீச்சர் அன்று காலை மாடிப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறினாளாம். அவளே சொன்னாள், கோபமாக.

4

நகல் எடுக்கும் இயந்திரம் சூடேற நேரமானது. கை சும்மா இருக்காமல் டீச்சர் தாள்களைப் புரட்டினாள். எல்லா அடித்தலும் ஸ்கேல் வைத்தாற்போல் ஒற்றைக் கோடு. இரண்டாம் தாளின் நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி: ஒரு வாக்கியம் பாதியில் நிற்க, அந்த இடத்தில் எதையோ எழுதி, தாள் கிழிகிற அளவுக்குக் கிறுக்கி மறைத்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

'பக்கம் 1 / 2.'

பேனாவால் யோசித்து எழுதுகிற யாரும், வாக்கியத்தின் பாதியில் நிறுத்திப் பக்க எண் போட மாட்டார்கள். அது அச்செடுத்த தாளின் அடியில் கணினி தானாகப் போடுகிற எண். ரயில் முழுக் கட்டுரையையும் கணினியில் எழுதி, அச்செடுத்து, அதைப் பார்த்து நோட்டுத் தாளில் இறக்கியிருக்கிறாள். ஈயடிச்சான் காப்பி. அச்சுத்தாளின் முதல் பக்கம் முடிந்த இடத்தில் எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டு, பதறிப்போய்க் கிறுக்கியிருக்கிறாள். அப்படியானால் அந்த அழகழகான ஒற்றைக் கோடுகள் எல்லாம் பத்து மார்க்குக்காக வைத்து வரைந்தவை.

இயந்திரம் தயார் என்று பச்சை விளக்குக் காட்டியது. டீச்சர் பொத்தானை அழுத்தவில்லை. என்னைத்தான் ஃபோனில் கூப்பிட்டாள்.

"ஒரு பார்வையிலேயே சொல்லிடுவேன்னியே அண்ணா."

5

[அடித்தது: ரயிலின் கண்கள் குளமாயின. உதடுகள் துடித்தன.]

இதைப் படித்துக் காட்டியபோது டீச்சர் சிடுசிடுத்தாள். "அவ அழவே இல்லை. என்னைத்தான் கேள்வி கேட்டா. அதை எழுது."

எழுதுகிறேன். வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம், காலி வகுப்பு. மேசைமேல் மூன்று தாள்கள்.

"இது கம்ப்யூட்டர்ல எழுதினதுதானே?"

"ஆமா மிஸ்."

"அப்ப இந்த அடித்தல் எல்லாம் பொய்யா?"

"பொய் இல்லை மிஸ். எறியும்னுதான் முதல்ல டைப் பண்ணேன். பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு, அழிச்சுட்டேன். கம்ப்யூட்டர்ல அழிச்சா காணாமப் போயிடுதே. அதான் ஞாபகம் வெச்சுக்கிட்டு நோட்டுல எழுதி அடிச்சேன்." கொஞ்சம் யோசித்தாள். "போடும்ங்கறது மட்டும் பொய். ரெண்டு அடிச்சா இன்னும் நல்லா இருக்கும்னு நானா சேர்த்தேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கினாள்.

"முதல்லயே நோட்டுல எழுதியிருக்கலாமே?"

"நோட்டுல எழுதினா எங்க இடம் விடணும், எழுத்து கோணுதான்னு அதுலயே மனசு போயிடுது மிஸ். என்ன எழுத வந்தேன்னு மறந்துடுது. டைப் பண்ணாத்தான் எனக்கு யோசிக்க வருது. கம்ப்யூட்டர்ல அழிச்சா அது அடித்தல் இல்லையா?"

டீச்சர் பேனாவைத் திறந்து மூடினாள்.

"நாளைக்கு அம்மா லீவு போட்டுட்டு வராங்க" என்றாள் ரயில். "எறியும்ங்கறதை அவங்க பார்க்கக் கூடாது மிஸ். நான் பாட்டுக்கு அழிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீங்கதான் அடியில இருக்கறது தெரியணும்னு சொன்னீங்க."

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கும்தான். பிள்ளைகள் வேண்டாம் என்று விட்டதைப் பார்க்க ஆசைப்பட்டோமே, அதை வேறு யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தோமா?

6

மூன்று முடிவு வைத்திருந்தேன். மூன்றையும் ஃபோனில் சொன்னேன்.

ஒன்று: டீச்சர் வாயைத் திறக்காமல் தாளைக் காட்டுகிறாள். இரண்டு வகுப்பும் பிழைக்கிறது. "அந்த அம்மா முகத்தை நீ வந்து பாரு" என்றாள்.

இரண்டு: உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறாள். பெரிய மேடம், "பார்த்தீங்களா?" என்கிறார். ஐந்து வகுப்பும் கணினிக்குப் போகிறது. "அப்ப ஸ்கிரீன் முன்னாடி கல்லா உட்கார்ந்திருக்கற பிள்ளைங்க?"

மூன்று: ரயிலைப் புதிதாக, நிஜமாக, ஒரு பக்கம் எழுத வைப்பது. "இதுக்கு மேல அவளை ஒரு வரி எழுதச் சொல்ல மாட்டேன். நான் பண்ண தப்புக்கு அவ ஏன் எழுதணும்?" பிறகு குரல் இறங்கியது. "அந்த மூணு தாள்லயும் அவ கை நிஜமாப் பதறி அடிச்சது பக்க எண்ணை மட்டும்தான் அண்ணா. அதுக்கு எத்தனை மார்க் போடறது?"

எனக்குத் தெரியவில்லை.

*

குறிப்பு: இந்தக் கதையைக் கணினியில்தான் எழுதுகிறேன். டீச்சருக்கு ஆதரவாகக் கையால் ஆரம்பித்தேன். ஒன்றரைப் பக்கத்தில் கட்டைவிரல் மரத்துவிட்டது. மேலே நீங்கள் பார்த்த அடித்தல்களில் 'மழை' மட்டும் நானாகச் சேர்த்தது. மூன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று.

7

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. கூட்ட அறை வாசலிலிருந்து டீச்சர் கூப்பிட்டாள்.

"அவங்க அம்மா வந்துட்டாங்க. முதல் வரிசை. பையை மடியில வெச்சுக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"நீ என்ன பண்ணப் போறே?"

"தாள் என் பையிலதான் இருக்கு. காப்பி எடுக்கல." மூச்சு வாங்கினாள். "நீ கதையை எப்படி முடிச்சே?"

"முடிக்கல."

"உருப்பட்டாப்லதான். கூப்பிடறாங்க, வெச்சுடறேன்."

டீச்சர் உள்ளே போனாள். பையை மேசைமேல் [அடித்தது: எறிந்தாள்] [அடித்தது: போட்டாள்] வைத்தாள். திறந்தாள். பேச வாயெடுத்து, முதலில் அவள் சொன்னது,

இதற்குமேல் எனக்குத் தெரியாது. மணி பதினொன்றே கால், இன்னும் ஃபோனை எடுக்கவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவாலோ கணினியாலோ, உங்களுக்கு எதில் யோசிக்க வருமோ அதில் எழுதுங்கள். தப்பாகிவிட்டால் தாராளமாக அடித்துத் திருத்துங்கள். ஆனால் முதல் வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அடித்ததையும் சேர்த்துத்தான் அவர் படிப்பார்.