குபாலா ஈயின் பின்னங்கால்கள்

1

இந்தக் கதை ஒரு பசைத்துளியிலிருந்து வந்தது. கடுகில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு பக்கம் எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு பக்கத்தில் ஈ உண்டு, கால் உண்டு, பசை உண்டு. மனிதர்களுக்கு இரண்டே வாக்கியம்தான். விடுபட்டவர்களுக்காகத்தான் இது.

எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை. என் பெயர் மிலாடா. பெஸ்கிடி மலையடிவாரத்து அருங்காட்சியகம் ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகளாக நடன ஈக்களை இனம் பிரித்து வருகிறேன். என் வாக்கியங்கள் "நடுக்காலில் முள்மயிர் இரண்டு வரிசை, இல்லையேல் பதினேழாம் கேள்விக்குச் செல்க" என்கிற மாதிரி இருக்கும். நீங்கள் எங்கும் செல்ல வேண்டாம். இங்கேயே இருங்கள்.

[முதல் தொடக்கம்: "பீச் மரக்காட்டில் ஜூன் மாதத்து மாலைவெயில் சாய்ந்தபோது..." வேண்டாம். வெயில் தினமும்தான் சாய்கிறது.]

[இரண்டாம் தொடக்கம்: "வெண்டெலின் குபாலா ஒரு பொய்யர்." அடித்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தார்.]

ஈயிலிருந்தே தொடங்குகிறேன். அது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

2

சின்ன உருண்டைத் தலை. கீழ்நோக்கி நீண்ட அலகு. கூன் விழுந்த மார்பு. ஆணுக்கு இரண்டு கண்களும் உச்சியில் ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு நடுவே இடைவெளி. எங்கள் காட்டில் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் விழும் இடத்தில் பெண்கள் கூட்டமாக ஆடும். ஆண், கொசுவோ வேறெதுவோ பிடித்து, பரிசாக ஏந்திக்கொண்டு வரும். பெண் அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே கூடல் நடந்து முடிந்துவிடும்.

பின்னங்கால்தான் முக்கியம். பெண்ணுக்கு அதில் இறகுபோலச் செதில்கள் உண்டு. காலை வயிற்றோடு சேர்த்து மடக்கினால் பெரிய உடம்புக்காரியாகத் தெரியும்.* ஆணின் கால் வெறும் கால். ஆண்தான் வந்து தேர்கிறவன். அலங்காரம் அவனுக்குத் தேவையில்லை.

* இது ஏமாற்று என்று என் மாணவிகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

3

இரண்டாயிரமாவது ஆண்டு. எங்கள் அறையில் நானும் ராதோவானும் இருந்தோம். அவருக்கும் ஈக்கள்தான். இருவரில் ஒருவருக்குத்தான் இனி வேலை என்று வசந்தத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஜூனில் குபாலா வந்தார். காட்டில் மரம் அறுக்கிறவர். ஓய்வு நேரத்தில் மீன்பிடிக்க, இறகும் நூலும் கட்டிப் போலிப்பூச்சி செய்வார், நுணுக்கமான கை. ஈக்கள் ஆடும் இடம் அவருக்குத் தெரியும் என்பதால் எனக்குப் பிடித்துத் தருவார். அன்று ஊசியில் குத்திய ஓர் ஆண் ஈயைக் கொண்டுவந்தார்.

அதன் பின்னங்கால்களில் இறகுச் செதில்கள் இருந்தன.

[இந்த இடத்தில் என் மகிழ்ச்சியை ஒரு பத்தி எழுதியிருந்தேன். இப்போது படிக்கக் கூசுகிறது.]

அப்படி ஓர் ஆண் உலகில் எங்கும் பதிவாகவில்லை. போதாததற்கு, முள்மயிர்கள் வழக்கத்துக்கு மாறாக உட்பக்கம் பார்த்திருந்தன. கூடலின்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் வால்நுனிப் பற்றுறுப்பையும் பிரித்துப் பார்த்தேன். இனத்தை உறுதிசெய்வது அதுதான். சாதாரண இனத்துடையதைப் போலவே இருந்தது. ஓர் ஓரத்தில் லேசான வளைவு மட்டும். அந்த வளைவு எனக்குப் போதுமானதாக இருந்தது. புதிய இனம் என்று எழுதி, குபாலாவின் பெயரையே வைத்தேன்.

வேலை எனக்கு நிலைத்தது. ராதோவான் தன் பெட்டியைக் கட்டினார். "விடு மிலாடா, என் ஈயைவிட உன் ஈ நல்லா ஆடிடுச்சு," என்றார். பக்கத்து ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார்.

4

இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, இந்த வசந்தத்தில், யாரோ அந்த முதல் மாதிரியின் படம் கேட்டார்கள். புதிதாக வந்த புறஊதா விளக்கின் கீழே வைத்தேன். இரண்டு பின்னங்கால்களும் உடம்போடு சேரும் இடத்தில் நீலமாக மின்னின.

பசை.

இடது கால் வலதுபக்கமும் வலது கால் இடதுபக்கமும் ஒட்டப்பட்டிருந்தன. அதனால்தான் முள்மயிர்கள் உள்ளே பார்த்தன. அதை நான் இனத்தின் அடையாளமென்று எழுதினேன்; அது இரண்டு நாட்டு நூல்களில் ஏறியிருக்கிறது. பற்றுறுப்பின் வளைவு? காய்ந்தபோது முறுக்கிக்கொண்டது. ஒரு துளி நீரில் ஊறவைத்தேன்; நிமிர்ந்துவிட்டது. இதை அன்றே செய்திருக்கலாம்.

5

குபாலாவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி யார்மிலா முட்டைக்கோஸ் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் சட்டம் போட்டு என் கட்டுரையின் முதல் பக்கம். பியர்க்கடையில் அவரை எல்லோரும் ஈ என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் பசை என்று சொன்னதும் குபாலா கரண்டியை வைத்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா டாக்டரம்மா."

"நீங்களா ஒட்டினீங்க?"

"ஜோடியாத்தான் பிடிச்சேன். வர்ற வழியில தீப்பெட்டி பையிலேயே நசுங்கிப்போச்சு. ஆணுக்குப் பின்னங்காலு ரெண்டும் போயிடுச்சு. பொண்ணு சட்னி, காலு மட்டும் மிச்சம். நொண்டி ஈயை உங்க கையில எப்படிக் குடுக்குறது? காலு காலுதானேன்னு ஒட்டிட்டேன்."

"அறிவு கெட்ட மனுஷா," என்றாள் யார்மிலா அடுப்படியிலிருந்து. "தூண்டில் பூச்சின்னு நினைச்சியா?"

"எப்போ தெரிஞ்சுது, அந்தக் காலை வச்சுத்தான் நான் எழுதினேன்னு?"

அவர் சூப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கட்டுரை வந்த அன்னிக்கே. பியர்க்கடையில நீங்க படிச்சுக் காட்டினீங்களே. காலைப் பத்தி வந்ததும் எனக்கு வேர்த்துடுச்சு."

எனக்கு நினைவிருந்தது. அன்று அவர் முகம் சிவந்து, கடையிலிருந்த அத்தனை பேருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தார். பெருமை என்று நினைத்தேன்.

"ஏன் சொல்லல?"

"வேலை நிலைச்சிடுச்சுன்னு சொல்லி நீங்க அழுதீங்க. அப்புறம், என் பேரும் அதுல இருந்துச்சு. ரெண்டுல எது பெருசுன்னு மட்டும் கேக்காதீங்க."

யார்மிலா வந்து என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "அந்த இன்னொருத்தர் என்ன ஆனாரு? கண்ணாடிக் கடைக்காரரு?" என்றாள்.

கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "ஈக்கு என் பேரு இனி இருக்காது, இல்ல?"

"இருக்காது."

"அப்போ பசைக்காவது என் பேரைப் போட்டுடுங்க. மறைக்க வேணாம்."

போட்டேன். 'கால்களை ஒட்டியவர் வெ. குபாலா. இருபத்துமூன்று ஆண்டுகள் கவனிக்காதவர், இக்குறிப்பின் ஆசிரியர்.' இரண்டாம் வாக்கியம் தேவையில்லை என்று இதழாசிரியர் எழுதினார். அது இல்லாவிட்டால் குறிப்பே வேண்டாம் என்று பதில் எழுதினேன். அடுத்த வாரம் அச்சில் வருகிறது.

6

ராதோவான் இன்னும் அந்த இதழை வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் அதில் படிப்பதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும். அதனால் இப்போது அவர் கடைக்கு எதிரே ரொட்டிக்கடையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் ஒரு பெண்மணியின் மூக்கில் சட்டகம் வைத்துப் பார்க்கிறார். தலை நரைத்துவிட்டது. கை அதே கைதான், ஈயைப் பிடிக்கிற மாதிரியே பிடிக்கிறார்.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார்.

அவர், "முதல்ல படத்தைக் காட்டு," என்கிறார். இருவரும் தலையை ஒட்டிவைத்துப் பசையைப் பார்க்கிறோம்.

அவர் ஒரு கண்ணாடிச் சில்லைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பிறகு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

மூன்றையும் திரும்பப் படித்தேன். மூன்றிலும் நான் மன்னிக்கப்படுகிறேன். எழுதியது நான் அல்லவா. வளைவு வேண்டுமென்றால் வளைவைக் கண்டுவிடுகிற கண் என்னுடையது. இந்த முடிவை என்னிடம் விடக்கூடாது.

யாரோ சரியாகப் பார்க்காததால் எதையாவது இழந்தவர் உங்களில் ஒருவராவது இருப்பார். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அந்த யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். கடைசி வாக்கியத்தைப் பாதிவரை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். அவர் கடையைப் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார். அந்தப் பெண்மணி வெளியே வருகிறாள்.

நான் சொல்லி முடித்ததும், ராதோவான் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு,